ஆத்தூருக்கு ஒரு டிக்கெட்

எங்கள் தூத்துக்குடி ஸ்டேஷனில் அகல ரயில் பாதை போடுகிறார்கள். அதையொட்டி ஊழியர்கள் ஒரு மலர் கொண்டு வருகிறார்களாம். போன வாரம் புக்கிங் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள்.

"சார், நாப்பதுகள்ல நம்ம ஸ்டேஷன் எப்படி இருந்துச்சு, என்னென்ன வசதி இருந்துச்சுன்னு நீங்கதான் எழுதித் தரணும். அந்தக் காலத்து ஆள்னு பாத்தா இப்ப நீங்க ஒருத்தர்தான் மிச்சம்" என்றார் ஒருவர்.

திறமைக்காக என்னைத் தேடி யாரும் வந்ததில்லை. உயிரோடு இருப்பதற்காகவாவது வந்தார்களே என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் வரலாறு எழுத உட்கார்ந்தால் எனக்கு வரலாறு வரவில்லை. நான் செய்த ஒரு முட்டாள்தனம்தான் வருகிறது. அதையே எழுதுகிறேன். வேண்டாமென்றால் மலரில் அந்தப் பக்கத்தில் பெருங்காய விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும்.

என் அப்பாவுக்கு மாப்பிள்ளையூரணியில் கருப்பட்டிக் கடை. நாள் முழுக்க எடை போடுகிற பிழைப்பு எனக்கு வேண்டாம், நான் ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கப் போகிறேன் என்று வீம்பாகக் கிளம்பினேன். திருச்சியில் சில மாதம் பயிற்சி கொடுத்தார்கள். தந்திக் கட்டையைத் தட்டினேன், தேர்வில் ஒருமுறை தோற்றேன், மறுமுறை தேறினேன். அது முடிந்ததும் சொந்த ஊர் ஸ்டேஷனிலேயே பார்சல் ஆபீஸில் போட்டார்கள். அங்கே நாள் முழுக்க எடை போட்டேன். அப்பா சந்தைக்குப் போகிற வழியில் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "தராசு பெருசாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டேஷன் அப்போது எப்படி இருந்தது என்று கேட்டார்கள் அல்லவா? அதோடு ரயில் முடிந்துவிடும். தண்டவாளத்தின் கடைசிக் கட்டையைத் தாண்டினால் கடற்கரை ரோடு. சரக்கு வண்டிகளுக்கு மட்டும் தோணியில் சரக்கு ஏற்றுகிற கடல் பாலம் வரை ஒரு தனிப் பாதை போகும். எங்களுக்கு முந்திய காலத்தில் கொழும்புக்குப் போகிற துரைமார்கள் எல்லாம் இங்கே இறங்கித்தான் கப்பல் ஏறுவார்கள். பிறகு தனுஷ்கோடி வழி வந்து அந்தப் பவிசைக் கொண்டு போய்விட்டது. எங்களுக்கு மிஞ்சியது முதல் வகுப்புத் தங்கும் அறையில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடி, கைவைத்த நாற்காலிகள், அவற்றில் உட்கார ஆளில்லாத பெருமை. மூன்றாம் வகுப்புக்குத் தகரக் கொட்டகை. கொட்டகைதான் எப்போதும் நிறைந்து கிடக்கும். உப்பு, பஞ்சு, கருவாடு, மருந்துக்குப் போகிற நிலாவாரை இலை என்று கூட்ஸ் ஷெட் முழுக்கச் சரக்கு. குளிர் மாதங்களில் சங்கு குளிப்பு நடந்தால் வங்காளத்துக்குப் போகிற சங்கு மூட்டைகள் வந்து இறங்கும். சங்குக்குள் இருந்த சதை அழுகிய வாடை என் காக்கிச் சட்டையில் ஏறிக்கொள்ளும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் என்னைக் கதவுப் பக்கமாக உட்கார வைத்தார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஆழ்வார்திருநகரிக்காரர், வெங்கடாசாரி என்று பெயர். நெற்றியில் நாமம், கழுத்து வரை பித்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. யாரையும் திட்டமாட்டார். தப்பு செய்தால், "எழுதிக் கொடும்" என்பார். அவ்வளவுதான். நடந்ததை இங்கிலீஷில் மூன்று பிரதி எழுதிக் கொடுக்கவேண்டும். அதை அவர் வாய்விட்டு நிதானமாக வாசித்து, சிவப்பு மையால் இலக்கணம் திருத்தி, திரும்ப எழுதி வரச் சொல்வார். திட்டினால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். இது ஒரு நாள் வேலை.

நான் வந்த முதல் மாதத்தில் மதுரை டாக்டர் ஒருவருக்குப் போகவேண்டிய நண்டுக் கூடையைத் தலைகீழாக வைத்துவிட்டேன். கட்டு அவிழ்ந்து பார்சல் ஆபீஸ் முழுக்க நண்டு. நான் மேஜை மேல் ஏறி நின்றேன். மாஸ்டர் வாசலில் வந்து நின்று, கால்சட்டையை ஒரு சாண் தூக்கிக்கொண்டு, "எத்தனை?" என்று கேட்டார்.

"தெரியாது சார்."

"எண்ணும். எண்ணின பிற்பாடு எழுதிக் கொடும்."

அந்த அறிக்கையை நான் நான்கு முறை எழுதினேன். நண்டுக்கு இங்கிலீஷில் பன்மை என்ன என்பதை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இரண்டு வருஷத்தில் டிக்கெட் ஜன்னலுக்கு வந்தேன். விசாரணை ஜன்னலும் அதுதான். அங்கே உட்கார்ந்ததும் எனக்குத் தலை கனத்துவிட்டது. பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அச்சடித்த அட்டை டிக்கெட் இருக்கும். அடுக்கிலிருந்து உருவி, தேதி மிஷினில் ஒரு குத்துக் குத்திக் கொடுத்துவிடலாம். தூர ஊர்களுக்கு அப்படி இல்லை. வெற்றுத் தாள் டிக்கெட்டில் கார்பன் வைத்து, போகிற ஸ்டேஷன், வண்டி மாறுகிற ஜங்ஷன்கள், பயணி எத்தனை பேர் என்று கையால் எழுதவேண்டும். எனக்குக் கையெழுத்து அழகு. அதைக் காட்டுவதற்காகவே யாராவது தூர ஊர் கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பேன். ரயில்வே கைடை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அந்தப் புத்தகத்தில் இல்லாத ஊர் உலகத்தில் இல்லை என்பது என் நம்பிக்கை.

யுத்த காலம். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான் என்றதும் அங்கே இருந்த நம் ஜனங்கள் கப்பலிலும் தோணியிலும் வந்து குவிந்தார்கள். கப்பல் தூரத்தில் கடலிலேயே நிற்கும். லாஞ்சில் கரைக்கு வந்து, தலையில் டிரங்குப் பெட்டியோடு நேரே ஸ்டேஷனுக்கு வருவார்கள். மதுரைக்காரர், தஞ்சாவூர்க்காரர், சேலத்துக்காரர், எல்லோருக்கும் எங்கள் ஜன்னல்தான். இருந்த ரயில் பெட்டிகளில் பாதியைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பெட்டிகளில் ஜன்னல் வழியாக ஏறினார்கள்.

அப்படி ஒரு நாள் சாயங்காலம், வண்டி புறப்பட அரை மணி இருக்கும்போது, ஒரு பெண் ஜன்னலுக்கு வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, ஆத்தூருக்கு எப்படிப் போவணும்?"

நான் தலையைத் தூக்கவில்லை. "ஒரு டிக்கெட்டா, ரெண்டா?"

"நானும் பிள்ளையும்தான். அவுக முன்னாலேயே ஊருக்கு வந்துட்டாவ. வீடு பாத்து வச்சிட்டுக் காயிதம் போட்டாவ. நான் கொழும்புலயே பொறந்தவ, இந்தப் பக்கம் வந்ததில்ல."

ஆத்தூர். கைடில் ஆத்தூர் ஒன்றே ஒன்றுதான் உண்டு. சேலம் ஜில்லாவில், விருத்தாசலத்திலிருந்து சேலத்துக்குப் போகிற பாதையில். என் மனசு குளிர்ந்தது. வெற்றுத் தாள் டிக்கெட்! கார்பனைச் செருகி எழுதத் தொடங்கினேன். தூத்துக்குடியிலிருந்து ஆத்தூர், வழி மணியாச்சி, விருத்தாசலம்.

"நாளைக்குச் சாயங்காலம் போய்ச் சேரலாம்" என்றேன்.

அவள் தயங்கினாள். "அம்புட்டுத் தூரமா? அவுக பக்கம்தான்னு சொன்னாவளே."

வரிசை வாசல் வரை நின்றது. எனக்கு ஒரு சாமர்த்தியம் தோன்றியது. "கொழும்புலருந்து பாத்தா எல்லாம் பக்கம்தான்மா" என்றேன், கொஞ்சம் உரக்க.

பின்னால் நின்ற ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்துவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் டிக்கெட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு நகர்ந்தாள். அன்றைக்கு நான் எழுதிய டிக்கெட்டுகளிலேயே அதுதான் அழகாக வந்தது என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். ஜன்னலில் ஒருவர் வந்து நின்றார். பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரியடுப்புக் கட்டி ஓட்டிய பஸ்ஸில் வந்திருக்கிறார் என்பது சட்டையெல்லாம் படிந்திருந்த புகையிலேயே தெரிந்தது.

"தம்பி, கொழும்புக் கப்பல் நேத்தே வந்துட்டுன்னு சொல்லுதாவ. எனக்கு இன்னைக்குன்னுலா தகவல். எங்க வீட்டுல, ராஜேஸ்வரின்னு பேரு, சின்னப் பிள்ளையோட வந்திருப்பா. இங்கன கொட்டகையில யாராவது தங்கியிருக்காவளா?"

"நீங்க எந்த ஊரு அண்ணாச்சி?"

"ஆத்தூரு."

அப்போது என் வாயில் வெற்றிலை இருந்தது. ஆத்தூர் வெற்றிலை. தாமிரபரணிக் கரையில், பழைய காயலைத் தாண்டி, திருச்செந்தூர் ரோட்டில், எங்கள் ஸ்டேஷனிலிருந்து பதினாலு மைலில் இருக்கிற ஆத்தூர். அந்த ஊர்க் கொடிக்காலில் பறித்த வெற்றிலையைத்தான் தினமும் இரண்டு வேளை நான் போடுகிறேன். அதை மென்றுகொண்டேதான் முந்தின நாள் அந்த டிக்கெட்டையும் எழுதினேன். அந்த ஊருக்கு ரயில் இல்லை. அதனால் எனக்கு அது ஊராகவே தோன்றவில்லை.

வெற்றிலையை விழுங்கிவிட்டேன். "கொஞ்சம் இருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். போகிற வழியில் பார்சல் ஆபீஸின் பின்கதவு திறந்திருந்தது. அது வழியாக வெளியேறினால் எட்டு நிமிஷத்தில் கடற்கரை. ஏதாவது ஒரு தோணியில் ஏறிவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். ஆனால் எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. அதனால் மாஸ்டர் அறைக்குப் போனேன்.

நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் மாஸ்டர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பிறகு வைத்தார்.

"எழுதிக்..." என்று நான் தொடங்கினேன்.

"அது கிடக்கட்டும் ஓய். முதல்லே தந்தி."

அவர் அந்த வார்த்தையைத் தள்ளிப்போட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அதில்தான் எனக்கு விஷயம் எவ்வளவு பெரிது என்று உறைத்தது. முன்பின் தெரியாத ஒரு பெண், சின்னக் குழந்தையோடு, ஒரு சொந்தமும் இல்லாத ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அனுப்பியது நான்.

தந்தியில் அன்றைக்குப் பட்டாளத்துச் செய்திகள் முந்திக்கொண்டே இருந்தன. மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கருவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இடைவெளி கிடைத்தபோதெல்லாம் என் கையைத் தள்ளிவிட்டுத் தானே தட்டினார். விருத்தாசலத்திலிருந்து பதில் வர மதியம் ஆகிவிட்டது. குழந்தையோடு ஒரு பெண் சேலம் வண்டியில் மாறி ஏறிப் போய்விட்டாள் என்று வந்தது. ஆத்தூருக்குத் தட்டினார். பதிலே இல்லை.

வெளியே அந்த மனிதரை உட்கார வைத்துப் பேசினார். சண்முகவேல் என்று பெயர். கொழும்பில் ஒரு மண்டியில் கணக்கப்பிள்ளையாக இருந்து திரும்பியவர்.

"டிக்கெட் தவறுதலா வேற ஆத்தூருக்குப் போயிடுத்து. சாயங்கால வண்டியிலே எங்க ஆள் உம்மோட வருவார். உம்ம சம்சாரத்தையும் குழந்தையையும் அழைச்சிண்டு வந்துடலாம்."

சண்முகவேல் சத்தம் போடவில்லை. "சேலத்துல எங்களுக்கு ஒரு நாதியும் கிடையாதே ஐயா" என்றார். அதையே இரண்டு முறை சொன்னார்.

என்னைத் தனியாக அழைத்து மாஸ்டர் பாஸை நீட்டினார். "டிக்கெட் நீர் கொடுத்தது. நீரே போய் அழைச்சிண்டு வாரும்."

"நான்தான் கொடுத்தேன்னு அவர்கிட்ட..."

"அதை எந்த ஜங்ஷன்லே சொல்றதுங்கறது உம்ம பாடு. அதுக்கு என்கிட்டே ஃபாரம் இல்லை."

மணியாச்சியில் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். மணியாச்சியில் இடம் பிடிக்கிற அவசரம். மதுரையில் சொல்லலாம் என்றால் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை திருச்சியில் அவர் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்துவிட்டார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அதன் பிறகு மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி நீட்டினார்.

"போடுங்க தம்பி. எங்க ஊரு வெத்தல. யாரோ ஒருத்தன் செஞ்ச தப்புக்கு நீங்க இம்புட்டுத் தூரம் அலையுதியளே. உங்க புண்ணியம்."

"அந்த ஆளு கைல கிடைச்சா என்ன செய்வீங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

அவர் சுண்ணாம்பு டப்பாவை மூடினார். "பிள்ளை நல்லா இருந்துட்டா ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்றார். மீதியைச் சொல்லவில்லை. நான் விருத்தாசலத்தில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். விருத்தாசலத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் ஆத்தூரில் இறங்கினோம். சின்ன ஸ்டேஷன். தந்திக் கம்பி இரண்டு நாளாகப் பழுதாம். அந்த ஊர் மாஸ்டர் எங்களைப் பார்த்ததும், "கொழும்பு அம்மாவைத் தேடி வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். சண்முகவேல் அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இது. முந்தின நாள் இறங்கியவள் கொட்டகையில் இருட்டும்வரை காத்திருந்திருக்கிறாள். யாரும் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் புருஷன் பேரைக் கேட்டிருக்கிறார். சண்முகவேல் என்றதும், "செக்குக்காரர் சண்முகவேலா?" என்று ஆள் துணை போட்டு அனுப்பிவிட்டார். அந்த ஊரில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த சண்முகவேலுக்கு அறுபது வயது. கொழும்பிலிருந்து குழந்தையோடு ஒரு பெண் உங்களைத் தேடி வந்திருக்கிறாள் என்று வாசலில் போய்ச் சொன்னால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்! நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கிழவர் வீட்டுக்கு வெளியே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அவரை உள்ளே விடவில்லை. ஆனால் ராஜேஸ்வரிக்கும் குழந்தைக்கும் உள்ளே சோறு போட்டு, பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தாள்.

"நெசமாவே இவருதான் புருஷனா? நல்லாப் பாத்துச் சொல்லு கண்ணு" என்று அந்த அம்மாள் சண்முகவேலைக் காட்டிக் கேட்டாள். ராஜேஸ்வரி தலையாட்டியதும் திரும்பி, "உள்ள வாங்க" என்று கிழவரைப் பார்த்துச் சொன்னாள். அவர் என்னைக் கடந்து போகும்போது பார்த்த பார்வையில் நான் சிறுத்துப்போனேன்.

குழந்தை அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டது. அவர் அதன் கை காலையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தார். சொல்ல இதுதான் நேரம் என்று நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் ராஜேஸ்வரி என்னைப் பார்த்துவிட்டாள்.

"இவருதான்" என்றாள். "இவருதான் எனக்கு டிக்கெட் குடுத்தது."

சண்முகவேல் திரும்பினார். "தம்பி, நீங்கதானா?"

"நான்தான் அண்ணாச்சி. மணியாச்சியிலயே சொல்லணும்னு..."

"திருச்சியில வச்சாவது சொல்லியிருக்கலாமே" என்றார் அவர். கோபமாக இல்லை. களைப்பாக, ஏதோ எதிர்பார்த்தது கிடைக்காதவர் போல.

ராஜேஸ்வரிக்குக் கோபம் இருந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "பக்கம்தான்னு சொன்னாவன்னு நான் சொன்னேன்லா? உங்களுக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம். எதுக்கு அத்தன பேரையும் சிரிக்க வச்சீய? அவுகள்லாம் சிரிச்ச பெறகு நான் எப்படி இன்னொரு தடவ கேப்பேன்?"

மாஸ்டர் எத்தனையோ முறை என்னை எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், எப்படியோ எழுதிவிட்டேன். இந்தக் கேள்விக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளத்தான் முடிந்தது. "தப்புதான்மா. மன்னிச்சிருங்க" என்றேன். அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை. திரும்பி வந்த ஒன்றரை நாளும் என்னோடு பேசவில்லை. குழந்தை மட்டும் என் தொப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, விருதுநகர் தாண்டிக் கழற்றிக் கொடுத்தது.

தூத்துக்குடி வந்ததும் அறிக்கையை மூன்று பிரதி எழுதிக் கொடுத்தேன். மாஸ்டர் வாய்விட்டு வாசித்தார். 'பயணிக்குத் தவறான தகவல் தரப்பட்டது' என்ற இடத்தில் சிவப்பு மையை வைத்தார்.

"இலக்கணம் சரிதான். யார் தந்தாங்கறது எங்கே?"

திருத்தி எழுதினேன். ஒரு வருஷத்துச் சம்பள உயர்வு நின்றது. அது ரயில்வே கம்பெனி கொடுத்த தண்டனை. மாஸ்டர் தனியாக ஒன்று கொடுத்தார். இந்த வட்டாரத்தில் ரயில் இல்லாத ஊர் ஒவ்வொன்றையும் எழுதி, அதற்கு எந்த பஸ், எங்கே ஏறவேண்டும், இல்லாவிட்டால் வண்டி எங்கே கிடைக்கும் என்று ஒரு பட்டியல் போடச் சொன்னார். ஓய்வு நாளிலெல்லாம் பஸ் நிற்கிற இடங்களில் கண்டக்டர்களையும் மாட்டுவண்டிக்காரர்களையும் கெஞ்சிக்கொண்டு திரிந்தேன். வேம்பார் போகவேண்டுமென்றால் என்ன செய்வது, குளத்தூருக்கு எது, ஆத்தூருக்கு எது. ஐந்து மாதம் ஆயிற்று. முதல் வரியில் ஆத்தூர் இருக்கவேண்டும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். என் அழகான கையெழுத்தில் அது ஜன்னலுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டுத் தொங்கியது.

ஆய்வுக்கு வந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்து, நம் ரயில் போகாத ஊர்களுக்கெல்லாம் நாம் எதற்கு விளம்பரம் செய்கிறோம் என்று கேட்டார்.

"அந்த ஊர்களுக்கு டிக்கெட் விற்காமல் இருப்பதற்காக" என்றார் மாஸ்டர். அவர் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

மலர்க்காரர்கள் கேட்ட 'ஸ்டேஷன் வசதிகள்' என்ற தலைப்பில் நான் செய்தது இது ஒன்றுதான். வேலையில் இருந்த காலம் முழுவதும் என்னை ஆத்தூரான் என்றே கூப்பிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் அது என் சொந்த ஊர் என்று நினைத்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற நாளில் போட்ட மாலையோடு வாசித்த வாழ்த்து மடலிலும் 'ஆத்தூர் தந்த மாணிக்கம்' என்று அச்சடித்துவிட்டார்கள். நான் திருத்தவில்லை.

சண்முகவேல் ஆத்தூரிலேயே கொடிக்கால் வைத்து நிலைத்துவிட்டார். அந்தக் குழந்தை வளர்ந்து, விருதுநகரில் வாழ்க்கைப்பட்டது. மகளைப் பார்க்கப் போவதற்கு ராஜேஸ்வரியம்மாள் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஸ்டேஷனுக்கு வருவார். அப்போது எங்களுக்கு இரண்டு ஜன்னல். என் ஜன்னலில் ஆளே இல்லாவிட்டாலும் அவர் அடுத்த ஜன்னல் வரிசையின் கடைசியில் போய் நிற்பார். நான் பார்ப்பேன். அவரும் பார்ப்பார். வருஷக்கணக்காக இப்படித்தான்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னால் ஒருநாள் அந்த ஜன்னல் மூடிக் கிடந்தது. அங்கே உட்காருகிறவருக்குக் காய்ச்சல். ராஜேஸ்வரியம்மாள் கொஞ்ச நேரம் தள்ளி நின்று யோசித்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"விருதுநகருக்கு ஒண்ணு."

நான் எழுந்து நின்று அட்டையை உருவி, தேதி குத்தி, இரண்டு கையாலும் நீட்டினேன். வாங்கினவர் அதை முந்தானையில் முடியவில்லை. பின்னால் நின்ற காலேஜ் பெண்ணிடம் கொடுத்து, "இதுல என்ன ஊரு போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுளா" என்றார்.

"விருதுநகர்னுதான் பாட்டி இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"விருதுநகர்தான் பாட்டி."

அதன் பிறகுதான் அவர் பிளாட்பாரத்துக்குப் போனார்.